தைலமரத் தோப்பைத் தாண்டிப் போன பேச்சு

போன மாதம் குன்னத்தில் நின்ற எங்கள் ரேடியோ டவரைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்களாம். எங்களோடு வேலை பார்த்து இப்போது வேறு வேறு கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகள் போட்டோ எடுத்து அனுப்பி, இதில் என்ன சார் ஓடியது என்று கேட்டிருந்தார்கள். டவர் பழைய இரும்புக்குப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தொலைந்தது சனியன் என்றுதான் தோன்றியது. காற்றிலும் மழையிலும் அதில் ஏறி இறங்கிய முட்டிகள்தான் இன்றைக்கு மாடிப்படி ஏற மாட்டேன் என்கின்றன. ஆனால் கேட்ட கேள்விக்குப் போனில் நாலு வார்த்தை தட்டி அனுப்ப மனசு வரவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு போன் போட்டுத் திருத்த வேண்டாம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தொண்ணூற்றைந்தில், அரியலூரில். டெலிபோன் கேபிளுக்குக் குழி வெட்டும் காண்டிராக்டரிடம் சேர்ந்து, கேபிள் ஒட்டப் பழகி, சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் வாக்கி டாக்கி ரிப்பேர் பார்த்து, நடுவில் திருச்சியில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய் வந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். பிறகு ரேடியோ மூலம் கிராமங்களுக்கு இன்டர்நெட் கொண்டுபோகும் திட்டம் ஒன்று பெரம்பலூரில் வந்தது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டம். டெக்னீசியன் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஊருக்கு ஒரு சென்டர். அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு பிரிண்டர். பரீட்சை ரிசல்ட், சிட்டா, மக்காச்சோளத்துக்கு விழுந்த பூச்சிக்கு மருந்து என்று ஏதேதோ நினைத்துத் தொடங்கினார்கள். ஜனங்கள் வந்தது வெள்ளிக்கிழமைகளில், பேசுவதற்கு. வளைகுடாவில் அன்றைக்குத்தான் லீவு. வீட்டுக்கொரு பையன் அங்கே சாந்துச் சட்டி தூக்கிக்கொண்டிருந்த காலம். ஐ.எஸ்.டி. போட்டால் கட்டுப்படியாகாது. அங்கே அவன் பிரவுசிங் சென்டருக்கு வருவான், இங்கே அப்பனும் ஆத்தாளும் எங்கள் சென்டருக்கு வருவார்கள்.

இப்போது தொழில் விஷயம். பேச்சு இன்டர்நெட்டில் முழுதாகப் போகாது, சின்னச் சின்னத் துண்டாக வெட்டித்தான் போகும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, எத்தனையாவது துண்டு என்று ஒரு தலைப்பு இருக்கும். கொடுமை என்னவென்றால் உள்ளே இருக்கிற பேச்சைவிடத் தலைப்பு பெரிது. எங்கள் ரேடியோவோ ஒரு பழைய டெலிபோன் லைன் அளவுக்குத்தான் இழுக்கும். அதில் இந்தத் தலைப்பையே சுமந்துகொண்டிருந்தால் பேச்சுக்கு இடமேது?

அதனால் தலைப்பைச் சுருக்கினோம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி கேட்டுக்கு வரும்போது முதல் நடைக்கு வண்டி நம்பர், டிரைவர் பெயர், எந்தக் குழி, எந்த ஆலை எல்லாம் கேட்டு எழுதுவார்கள். அடுத்த நடையிலிருந்து வாட்ச்மேன் அதே வண்டி, அடுத்த நடை என்று கையைக் காட்டிவிடுவார். அதே சங்கதிதான். முதல் துண்டுக்கு மட்டும் முழுத் தலைப்பு. அப்புறம் வருவதெல்லாம் 'அதேதான், அடுத்தது' என்று ஒரு சின்னக் குறி. எதிர்முனைப் பெட்டி தன் ஞாபகத்திலிருந்து மீதியை நிரப்பிக்கொள்ளும்.

நடுவில் ஒரு துண்டு காற்றில் தொலைந்தால்தான் வம்பு. அடுத்தது என்றால் எதற்கு அடுத்தது? பெட்டிக்குக் கணக்குத் தப்பிவிடும். பின்னால் ஒழுங்காக வந்து சேர்கிற துண்டுகளையும் அது தூக்கி எறியும். மறுபடி ஒரு முழுத் தலைப்பு வந்தால்தான் அதற்குப் புத்தி வரும். அதுவரை இந்தப் பக்கம் ஆள் கத்திக்கொண்டிருப்பான், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது.

குன்னத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் இந்த வம்பு ஓயவே இல்லை. ஊர்ப்பெயர் வேண்டாம். குன்னம் டவருக்கும் அந்த ஊர் சென்டருக்கும் நடுவில் ஒரு தைலமரத் தோப்பு. நாங்கள் டிஷ் கட்டும்போது இடுப்பளவு நின்ற கன்றுகள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆகாசத்துக்குப் போய்விட்டன. காற்றடித்தால் தலையாட்டும். ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் துண்டுகள் தொலையும். தோப்புக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, வெட்டுப் பருவம் வரட்டும், ஒங்க ஒயருக்காக வெட்ட முடியாது என்றார். ஒயரே கிடையாது என்று நான் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எங்கள் இன்ஜினியர் கவிதா மேடம். திருச்சிக்காரர், என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சில சமயம் இந்தம்மா திட்டித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும். லிங்க் ஓகே மேடம் என்று போனில் சொன்னால் ஓகே என்றால் என்ன சார் என்பார். பச்சை விளக்கு எரிகிறது என்றால் விளக்கு எரியட்டும், பேச்சு போகிறதா என்பார். போகிறது என்றால் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், அந்தப் பக்கம் அவருக்கு என்ன கேட்டது என்று வரிசையாக வரும். கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல நான் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். எரிச்சலாக இருக்கும்.

அந்த ஊர் சென்டரை நடத்தியது தமிழ்ச்செல்வி, பி.காம். படித்த பெண். அவளுக்குத் தெரிந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் வந்த ஒரே ஜோடி சங்கரின் அப்பாவும் அம்மாவும். வெங்காயமும் பருத்தியும் போடுகிற குடும்பம். சங்கர் குவைத்தில் கட்டட வேலை. பெரியவருக்கு நுரையீரலில் கட்டி. திருச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அது பையனுக்கு முழுசாகத் தெரியாது. லீவு கேட்டால் வேலை போய்விடும் என்பது பெரியவருக்குத் தெரியும். வா என்று சொல்லவும் முடியவில்லை, வராமல் இருக்கட்டும் என்று விடவும் முடியவில்லை. போவதற்குள் அவன் முகத்தைப் பார்த்து ஆற அமர ஒரு தடவை பேசிவிட வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குத்தான் இருமிக்கொண்டே மகள் வீட்டுக்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வருவார்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும், "தம்பி, ஒங்க மெசினுக்கு என்னவுட இருமல் அதிகமா இருக்குது, டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புகார் வந்ததால் ஒரு வெள்ளிக்கிழமை நானே சென்டரில் உட்கார்ந்திருந்தேன். ஆடிக் காற்று. படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கும், அதுதான் அன்றைய வேகம். சங்கர் முகம் வந்தது. எங்கள் படம் அவன் திரையில் இறங்குவதற்கு முன்னால், அந்தம்மா நலம் விசாரிக்கும்போதே பெரியவருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. பையன் முன்னால் வேண்டாமென்று எழுந்து வெளியே போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் அந்தம்மா அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது.

"அப்பாவுக்கு முடியல சாமி. நீ மனசத் திடமா வெச்சுக்க" என்று தொடங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு மளமளவென்று சொன்னார். டாக்டர் கைவிட்டுவிட்டார், ஆனாலும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், எப்படியாவது வந்துவிடு. இந்தப் பக்கம் நாங்கள் எல்லாம் கேட்டோம். திரையில் சங்கர் அசையாமல் இருந்தான். பெட்டியைப் பார்த்தேன், கணக்குத் தப்பிக் கிடந்தது. அழுகைக்குப் பின்னால் சொன்னது ஒரு வார்த்தைகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவன் திரையில் கடைசியாக உறைந்து நின்ற படத்தில் வாயில் முந்தானையோடு அம்மா இருந்திருப்பார், பக்கத்தில் காலி நாற்காலி இருந்திருக்கும். இதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. லிங்க்கைத் திருப்பிக் கொண்டுவருவதிலேயே குறியாக இருந்தேன். திரும்பி வந்தபோது அங்கே அவன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் சங்கர் சென்டர் டெலிபோனுக்குக் கூப்பிட்டானாம். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நல்லாத்தான் இருக்காங்க, நீங்க கவலப்படாதீங்க என்று தமிழ்ச்செல்வி சொன்னாள். வேறு எதுவும் கேட்காமல், அம்மாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டான். பையனுக்கு மனசு ஆறிவிட்டது போல என்று அவள் என்னிடம் சொன்னாள். நானும் சரி என்றேன்.

மேடத்திடம் போய், இந்தக் குடும்பத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையாவது முழுசாகப் பேச வைக்க வேண்டும், மற்றதெல்லாம் கிடக்கட்டும் என்றேன். நான் இப்படிக் கேட்டதே இல்லை. அவர் உடனே கிளம்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் வேலை செய்த விதத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் தோப்பைச் சுற்றி நடந்தார். எந்த மரம் ஆடுகிறது, ஆடும்போது எவ்வளவு தொலைகிறது என்று நான் டவரில் நின்று கத்த, அவர் கீழே நின்று பார்த்தார். மரத்தை ஒன்றும் செய்ய முடியாது, தொலைவது தொலைந்துதான் தீரும் என்று ஆனதும், தொலைந்த பிறகு பெட்டிக்கு எவ்வளவு சீக்கிரம் புத்தி வர வைக்கலாம் என்பதில் இறங்கினார். முழுத் தலைப்பை அடிக்கடி அனுப்பச் சொல்லலாம். ஆனால் அனுப்ப அனுப்ப அது இடத்தைத் தின்னும், பேச்சு திக்கும். குறைத்தால் மௌனம் நீளும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கும் சார், அதைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும் என்றார்.

அவர் பெரம்பலூர் ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். நான் கிராமத்து மைக்கில் எதையாவது வாசிக்க வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அடுத்த வார்த்தை என்ன என்று மனசு ஊகித்து நிரப்பிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். அதனால் சென்டரில் கிடந்த மக்காச்சோள விதைப் பாக்கெட்டை வாசித்தேன். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், உணவாகவோ தீவனமாகவோ பயன்படுத்தக் கூடாது என்று நான் மந்திரம்போலத் திரும்பத் திரும்பச் சொல்ல, வாசலில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எந்த வார்த்தைக்குப் பிறகு விழுந்தது, எந்த வார்த்தையில் எழுந்தது என்று மேடம் போனில் சொல்வார். கொஞ்சம் மாற்றுவார், மறுபடி வாசிக்கச் சொல்வார். தொண்டை கட்டிப் போயிற்று. வியாழக்கிழமை நல்ல காற்றில், பாக்கெட் முழுக்க வாசித்தும் ஒரு வார்த்தை விழவில்லை. படம் வேண்டாமென்று விட்டுவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்றேன். வேண்டாம் சார், அந்தப் பெரியவருக்கு முகம் தெரியணும் என்று அதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரியவர் வெளுத்த சட்டை போட்டு, திருநீறு பூசி, அம்மாவுடன் வந்தார். வரும் வழியிலேயே இருமித் தீர்த்துவிட்டேன், இன்னிக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். பெரம்பலூரில் மேடம் தன் திரையில் துண்டுகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்று சங்கரின் குரல் வந்தது, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல அத்தனை சுத்தமாக.

அப்புறம் படம் இறங்கியது. முதலில் சுவர். அதன் கீழே மொட்டைத் தலை. அப்புறம்தான் நெற்றி, கண், மீசையும் இல்லாத முகம்.

எங்கள் பக்கத்தில் வெளியூரில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்ல மாட்டார்கள். முடியல, கிளம்பி வா என்பார்கள். மனசைத் திடமாக வைத்துக்கொள் என்பார்கள். பதறிப்போய் வேறு யாரிடமாவது விசாரித்தால், நல்லாத்தான் இருக்காரு, கவலப்படாத என்பார்கள். செத்தவரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வோம், இருப்பவரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வோம். கேட்கிறவன் புரிந்துகொள்வான். சங்கரும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே, அவனும் புரிந்துகொண்டான். லீவு கிடைக்கவில்லை. தங்கியிருந்த அறையிலேயே அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் திரையில் அப்பா வந்திருப்பார், வெளுத்த சட்டையும் திருநீறுமாக.

அந்தம்மா ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

என் இடுப்பில் இருந்த போன் அடித்தது. மேடம். "என்ன சார், பேச்சுத் துண்டு ஒண்ணும் வரல? மறுபடி போச்சா?" என்றார். யாரும் பேசாவிட்டால் பெட்டி பேச்சுத் துண்டு எதையும் அனுப்பாது, அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். "லிங்க் நல்லாருக்குங்க மேடம். யாரும் பேசல" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தமிழ்ச்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தலையக் கொஞ்சம் குனி தம்பி, பாப்போம்" என்றார். சங்கர் குனிந்தான். படம் மெதுவாக இறங்கி முடியும்வரை அவர் பார்த்தார். "வெட்டுக் கிட்டுப் படாம எடுத்திருக்கான். ஆரு எடுத்துவுட்டது?" கூட இருக்கிற பங்களாதேஷ்காரர் என்று சங்கர் சொன்னான். அதற்குமேல் அவனால் முடியவில்லை, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான்.

"அழுவாதடா. எவனுக்குடா கெடைக்கும் இது? எம் மவன் எனக்கு மொட்ட போட்டத நானே பாத்துட்டேன். கடன் தீந்துபோச்சு. நான் போன பெறவு லீவு குடு லீவு குடுன்னு எவன் காலுலயும் வுழாத. அங்கயே இரு, பொழச்சுக்க."

அதன்பின் வெகு நேரம் பேசினார்கள். எந்தக் காட்டில் என்ன போட்டிருக்கிறது, தங்கச்சிக்கு எப்போது பிரசவம், குவைத்தில் வெயில் எப்படி. பெரியவர் சொன்னபடியே எழுந்திருக்கவில்லை, இருமலையும் எப்படியோ அடக்கிக்கொண்டார். ஒரு வார்த்தைகூட விழவில்லை. நான் பார்த்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான், அதை நினைத்துச் சந்தோஷப்பட இன்றுவரை எனக்கு முடியவில்லை.

ஆபீஸில் வந்து மேடத்திடம் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "போன வாரமே செட்டிங்க மாத்தியிருக்கணும் சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தைலமரத்தை நட்டது நீங்களா, சாவை மறைத்துச் சொல்லுகிற பழக்கத்தை உண்டாக்கியது நீங்களா என்று அவரிடம் கத்தினேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனோம்.

புரட்டாசி பிறப்பதற்குள் பெரியவர் போய்விட்டார். சங்கருக்கு லீவு இல்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். செய்தியைப் போனில் சொல்ல வேண்டாம், வெள்ளிக்கிழமை நான் வந்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அந்தம்மா தமிழ்ச்செல்வியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் போனேன்.

உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். உடம்பு முடியல என்று மட்டும் சொல்லு, பிள்ளை அங்கே தனியாக இருக்கிறான், பதறிவிடுவான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தம்மா நேராக வந்து உட்கார்ந்தார். சங்கரின் தலையில் முடி கொஞ்சம் முளைத்திருந்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு, அப்பா வெளியில இருமப் போயிருக்காராம்மா என்று கேட்டான். குரலில் பயம் தெரிந்தது. ஆனால் இனிமேல் எதையும் தானாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று அவன் தீர்மானித்திருந்ததும் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் அந்த வயசுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். எனக்கும் அதுவரை அவர் சங்கரின் அப்பாதான், பெயர் தெரியாது. அந்தம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சங்கரு, நல்லா கேட்டுக்க. செல்லமுத்து மவன் கோவிந்தன், ஒன்னப் பெத்த அப்பா, புதங்கெழம வெடியக்காலம் நம்ம வூட்டுல செத்துப்போயிட்டாரு. எங் கையப் புடிச்சிக்கிட்டே போயிட்டாரு. எடுத்துப் போட்டாச்சு. இந்தத் தடவ நெசமாத்தான் சாமி."

கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரையில் சங்கர் கண்ணை எடுக்காமல் அம்மாவையே பார்த்தான்.

"முழுசாக் கேட்டுச்சா?" என்றார் அந்தம்மா.

"கேட்டுச்சும்மா" என்றான்.